டானியேல் பூனின் குடிவழி

கென்டக்கிக் காட்டுக்கு 1775இல் வழி வெட்டிய டானியேல் பூனைத் தம் மூதாதை எனக் கூறும் அமெரிக்கர் மிகப் பலர். கூற்று வேறு; சான்று வேறு. சான்று தேடுவோர்க்கு முதலிற் கைகொடுப்பன வேட்டைக் கதைகளல்ல. குவேக்கர் சபையாரின் கூட்டக் குறிப்பேடுகளே.

பாட்டனார் ஜோர்ஜ் பூன் இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த நெசவாளர். 1717இல் பிலடெல்பியாவை வந்தடைந்தார். முன்னரே வந்திருந்த மைந்தர் ஸ்குவயர் 1720இல் சாரா மோர்கனை மணந்தார். டானியேல் பிறந்தது 1734இல். அந்நாளை ஒக்டோபர் 22 என்பாரும் நவம்பர் 2 என்பாரும் உளர்; வாசகர் மயங்கற்க. முன்னது பழைய பஞ்சாங்கக் கணக்கு. பின்னது ஆங்கிலேயர் 1752இல் ஏற்ற புதிய கணக்கு.

ஸ்குவயரின் மகள் 1742இலும் மகன் 1747இலும் சபைக்குப் புறம்பானோரை மணந்தனர். மகள் செயலுக்காகச் சபைமுன் வருத்தந் தெரிவித்த தந்தையார், மகன் பொருட்டு அவ்வாறு செய்ய மறுத்தார். சபை அவரை விலக்கியது. 1750இல் குடும்பம் பென்சில்வேனியாவை நீங்கி, வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கை நோக்கிப் புறப்பட்டது. புதுநிலம் பெறும் ஆசையும் உடனிருந்திருக்கலாம். ஆயினும் தன்மானமே முந்தியது என எமக்குத் தோன்றுகின்றது.

அதன்பின் அக்குடும்பத்தைப் பற்றிச் சபையேடு பேசாது. 1851இல் லைமன் டிரேப்பர் என்பார் டானியேலின் கடைசி மகன் நேதனிடம் கேட்டெழுதிய குறிப்புக்கள் விஸ்கொன்சின் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. எனினும் அவை முதுமையில் நினைவுகூர்ந்தவை. நிலவழக்கு ஏடுகள் அத்தகையனவல்ல. உரிமைப் பத்திரக் குறைபாட்டாற் கென்டக்கி நிலங்களை இழந்த டானியேல், பிறர் வழக்குகளிற் பன்முறை சாட்சி கூறினார். எந்த ஆண்டில் எவ்விடத்தில் நின்றார் என்பதை அச்சாட்சியங்களே காட்டுகின்றன.