ஒன்றை வாங்கினால் மற்றொன்று நிற்குமா?

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தறியும் கழனியும் சேர்ந்தே சோறு போடும் குடும்பங்கள் உண்டு. பெரியவருக்கு முதியோர் ஓய்வூதியம், மகன் பெயரில் நிலம், மருமகள் பட்டுத்தறியில், பேரன் ஒரகடம் தொழிற்சாலையில். இத்தகைய வீட்டில், "ஒரு உதவியை வாங்கினால் மற்றது நின்றுவிடுமோ?" என்ற அச்சம் எழுவது இயற்கையே. அச்சத்தால் உரியதைக் கேளாமல் விடுவதும் நஷ்டம். விவரம் அறியாமல் வாங்கிப் பின்பு திருப்பிக் கட்டுவதும் நஷ்டம்.

மகளிர் உரிமைத் தொகை

மாதம் ரூ.1,000 வழங்கும் இத்திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்திலேயே தொடங்கியது. அன்றைய விதிப்படி பெண்ணுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட வேண்டும். நிலம் நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது. இது வீட்டு உபயோகக் கணக்கு; பம்புசெட் கணக்கு அல்ல.

வீட்டில் ஒருவர் முதியோர் ஓய்வூதியம் பெற்றால் மற்றவருக்கு இல்லை என்றே முதலில் இருந்தது. 2023 ஆகஸ்டில் அது தளர்த்தப்பட்டது. மாமியார் ஓய்வூதியம் வாங்கினாலும், மற்றத் தகுதிகள் உள்ள மருமகள் விண்ணப்பிக்கலாம் என்றாயிற்று. ஓய்வூதியம் வாங்குகிற மாமியாரே இரண்டையும் பெற முடியாது.

இரண்டு விதமான 'குடும்பம்'

மத்திய அரசின் கிசான் உதவித்தொகை 2019-ல் வந்தது. ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணை. உரிமைத் தொகைக்குத் தகுதியற்றோர் என 2023-ல் வெளியிட்ட பட்டியலில் இந்தத் தொகை பெறுவோர் இல்லை. ஆகவே கணவருக்கு இதுவும், மனைவிக்கு அதுவும் வரலாம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். உரிமைத் தொகைக்குக் குடும்பம் என்றால் ரேஷன் அட்டை. ஓர் அட்டைக்கு ஒரு பெண்தான். கிசான் திட்டத்திலோ கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் மட்டுமே குடும்பம். ஒரே அட்டையில் தந்தையும் வயது வந்த மகனும் இருந்து, தனித்தனியே பட்டா வைத்திருந்தால் இருவரும் மனுச் செய்ய இடமுண்டு. ஆனால் உதவிக்காக இன்று பாகம் பிரித்துப் பயனில்லை. 1.2.2019 அன்று நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன் பின் வாரிசு முறையில் வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் பேரனுக்கு எதுவும் வராது.

முன் கடைசி ஆண்டில் வருமான வரி கட்டியவர், மாதம் ரூ.10,000-க்குக் குறையாமல் அரசு ஓய்வூதியம் பெறுபவர் ஆகியோருக்குக் கிசான் தொகை கிடையாது. கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு இந்த ஓய்வூதிய வரம்பு பொருந்தாது.

பேரன் கவனிக்க

2019-ல் வந்த கிசான் மாந்தன் ஓய்வூதியத்தில், 5 ஏக்கர் அளவுக்குள் நிலமுள்ள 18 முதல் 40 வயதினர் மாதம் ரூ.55 முதல் ரூ.200 வரை கட்டலாம். அரசும் அதே அளவு கட்டும். 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.3,000 கிடைக்கும். ஆனால் தொழிற்சாலையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர் இதில் சேர முடியாது.

இடைத்தரகர் வேண்டாம்

2020-ல் நம் மாநிலத்தில் தகுதியற்ற பலரை இடைத்தரகர்கள் கிசான் திட்டத்தில் சேர்த்தது அம்பலமாகி, போன பணம் வங்கிக் கணக்குகளிலிருந்து திரும்பப் பிடிக்கப்பட்டது. கமிஷன் வாங்கியவன் ஓடிவிட்டான், அகப்பட்டது கணக்குக்குரியவர்தான்.

ஆகவே மனுப் போடுமுன் பட்டா, ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயர் ஒன்றாக உள்ளதா என்று பாருங்கள். விதிகள் அவ்வப்போது மாறுவதால், கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் விரிவாக்க மையத்திலும் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யார் எதை வாங்குகிறார் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். உண்மையை எழுதி வாங்கிய பணம்தான் கையில் தங்கும்.