தார் ரோட்டில் சிதறும் உயிர்கள்!



காலையில் பஸ்ஸில் வரும்போது, ரோட்டில் அப்பளமாய் நசுங்கிக் கிடக்கும் சாரைப்பாம்பையோ கீரியையோ பார்த்திருப்பீர்கள். ‘அடப்பாவமே!’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவோம். ஆனால் இது வெறும் பாவ புண்ணியக் கணக்கு இல்லீங்க. நம்ம படிப்பு சம்பந்தப்பட்ட கணக்கு!

மம்சாபுரத்துக்கு மேற்கே மலை. அங்கே 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021-ல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுப் போகிறது கொல்லம் நெடுஞ்சாலை. காட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவே தோப்பு, வயல், கண்மாய். எல்லைக்கல் நமக்குத்தான், பாம்புக்கு ஏது?

ஏன் விலகி ஓடுவதில்லை? பகல் சூடு தாரில் தங்குவதால், இரவில் குளிர் காயப் பாம்பு வந்து படுக்கிறது. இருட்டுக்கு விரிந்த கண்ணில் ஹெட்லைட் அடித்தால் முயல் திகைத்து நிற்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். டிரைவர் சுதாரிக்க ஒரு நொடி. பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த ரோட்டிலேயே சுமார் 36 மீட்டர். மொத்தம் 58! அதே வண்டி 40-ல் வந்தால் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும்.

‘செத்தால் நமக்கென்ன?’ என்கிறீர்களா? சாரை குறைந்தால் எலி பெருகும். பயிர் போகும், எலிக்காய்ச்சலும் வரும். கிடக்கும் உடலைத் தின்ன நாயும் காகமும் கூடும். அவையும் அடிபடும், பைக்கில் வருகிறவரும் விழுவார். அடிபட்ட கீரியை வெறுங்கையால் தொடாதீர்கள், வெறிநோய் இருக்கலாம். ‘முயல் கறி’ என்று தூக்கிப் போவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வழி இருக்கிறதா? இருக்கிறது! பெஞ்ச் காட்டில் 44-ஆம் எண் நெடுஞ்சாலையைத் தூண்களில் தூக்கிக் கட்டினார்கள்; அடியில் புலி நடந்து போவது கேமராவில் பதிவானது. வால்பாறையில் சிங்கவால் குரங்குக்காக ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். தரை இறங்கத் தயங்கும் நம்ம சாம்பல் அணிலுக்கும் அது பொருந்தும். திம்பம் மலைப்பாதையில் உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை.

சிவில் நண்பர்களே, நாளை கல்வெர்ட் போடும்போது தண்ணீர் ஓடும் பக்கத்தில் ஒரு முழம் காய்ந்த திட்டு விடுங்கள், கீரி கடந்துபோகும். ஆட்டோமொபைல் நண்பர்களே, மலையடிவாரத்தில் இரவில் 40-ஐத் தாண்டாதீர்கள்.

ரோடு போடப்போவதும் நாம், வண்டி ஓட்டப்போவதும் நாம். வழிவிட வேண்டியதும் நாம்தானே!