இருண்ட கதையும் இல்லத்து வாசிப்பும்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர்க்கென மேனாடுகளில் எழுதப்படும் நவீனங்களுள் ஒருவகை பெற்றோரைக் கலங்கச் செய்வது. வருங்காலத்து நாடொன்று, அங்கே ஆள்வோர் வகுத்ததே வாழ்வு, அதனை எதிர்த்து நிற்பவர் ஒரு சிறுவனோ சிறுமியோ. வேவும் பட்டினியும் கொலையும் அங்கே வரும். இத்தகைய நூலைப் பிள்ளையின் கையிலிருந்து பறிப்பதா, கண்டும் காணாதிருப்பதா? மூன்றாவது வழியொன்றும் உண்டு. பிள்ளையோடு சேர்ந்து தாமும் படிப்பதே அது.

அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி 1993இல் வெளியிட்ட 'த கிவர்' இதற்கு மிக ஏற்றது. 'கொடுப்பவர்' என்பது அப்பெயரின் பொருள். 1994இல் நியூபெரி பதக்கம் பெற்ற இந்நூலைப் பாடசாலைகளிலிருந்து அகற்றுமாறு அந்நாட்டிலேயே முறையிட்ட பெற்றோரும் உளர்.

கதையில் வரும் சமுதாயத்தில் போரில்லை, பசியில்லை. நிறங்களைக் காணும் கண்ணும் இசையுமில்லை. பழைய நினைவுகள் யாவும் ஒரு முதியவரிடம் மட்டுமே உள்ளன. அவற்றை ஏற்கும்படி பன்னிரண்டு வயது ஜோனஸ் தெரிவுசெய்யப்படுகிறான்.

அவன் வீட்டில் இரவு உணவின்பின் ஒவ்வொருவரும் தத்தம் மனநிலையை எடுத்துரைத்தல் விதி. எத்தனை வீடுகளில் இத்துணை ஒழுங்கைக் காண இயலும்! ஆயினும், தன்மீது அன்பு உண்டா என்று ஜோனஸ் ஒருநாள் வினவும்போது பெற்றோர் நகைக்கின்றனர். பொருளிழந்த சொல்லை வழங்கலாகாதென்று அவன் மொழியைத் திருத்துகின்றனர். இப்பகுதியைத் தாயோ தந்தையோ உரக்கப் படித்தால், கேட்டிருக்கும் பிள்ளை படிப்பவரின் முகத்தை ஏறிட்டு நோக்கும். தனியே படிக்கும் பிள்ளைக்கு அம்முகம் இல்லை.

இதனினும் கடினமான இடம் பின்னர் வருகிறது. இரட்டைக் குழந்தைகளுள் எடை குறைந்ததை 'விடுவிக்கும்' கடமை ஜோனஸின் தந்தைக்கு. குழந்தையோடு கொஞ்சிப் பேசியவாறே அவர் ஊசி ஏற்றுகிறார். தாம் செய்வது தீதென்ற உணர்வே அவரிடம் இல்லை. அத்தந்தை கொடியவரா, அறியாதவரா? இங்கே நூலை மூடிவைத்துப் பேசுதல் வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது தகாது என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

இக்கதையின் வித்தும் ஒரு குடும்பத்திலேயே விழுந்தது. லௌரியின் தந்தை முதுமையில் நினைவு குன்றி, இளமையில் இறந்த தம் மூத்த மகளின் மரணத்தையே மறந்திருந்தார். நோவைத் தராத மறதி நன்மையாகுமா என்ற எண்ணம் மகளின் உள்ளத்தில் எழுந்தது.

நடிகர் ஜெஃப் பிரிட்ஜஸ், தம் பிள்ளைகளும் காணத்தக்க படமொன்றில் தம் தந்தை லோயிட் பிரிட்ஜசை நடிக்கவைக்க விழைந்து, இந்நூலைத் தேர்ந்தார். படம் உருவாகுமுன், 1998இல், தந்தை காலமானார். 2014இல் படம் வெளிவந்தபோது, தந்தைக்கென எண்ணிய முதியவர் வேடத்தை மகனே தாங்கினார்.

நூல் 23 அத்தியாயங்களே கொண்டது. இரவுக்கு ஒன்றாக வாசித்தால் ஒரு மாதமும் ஆகாது. வாசிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமும் இடையிடையே விடலாம். முடிவில் ஜோனஸ் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு பனியினூடே தப்பிச் செல்கிறான். அவன் பிழைத்தானா என்பதை அந்நூல் தெளிவாகக் கூறுவதில்லை. குளிரில் மாண்டானென்று தாய் கூற, இல்லையென்று பிள்ளை வாதாடக்கூடும். பின்வந்த நூல்களில் விடை உண்டு. அவற்றைத் தேடுமுன் அவ்வாதம் சில நாள் நடக்கட்டும்.