'போட்டு விடுங்க' பார்ட்டியா நீங்க?

"ண்ணா, ஒரு குரூப் ஃபோர் போட்டு விடுங்க..!"

குண்டடம், பல்லடம், தாராபுரம், காங்கேயம்... எந்த ஊர் பிரவுசிங் சென்டரில் பத்து நிமிஷம் நின்றாலும் காதில் விழுகிற டயலாக் இது. கவனிச்சீங்களா பிரெண்ட்ஸ்? 'போடணும்' இல்லை, 'போட்டு விடுங்க'! வேலைக்குப் போகப் போவது நாம். விண்ணப்பம் மட்டும் யாரோ ஒருவர் கையில். படித்து, தயாராகி, எல்லாம் சரியாக இருந்தும் பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

நம்ம பக்கம் வேலை கேட்கிற ஸ்டைலே தனி. பனியன் கம்பெனி கேட்டில் 'டெய்லர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும். நேரே உள்ளே போய் சூப்பர்வைசரைப் பார்த்தால் விஷயம் முடிந்தது. பயோடேட்டாவாவது, பாஸ்வேர்டாவது! ஆனால், அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசர், ஹெச்.ஆர்., அக்கவுன்ட்ஸ் என்று போனால் "ரெஸ்யூமை மெயில் பண்ணுங்க" என்பார்கள். அரசு வேலை, வங்கி, ரயில்வே எல்லாவற்றுக்கும் இப்போது இன்டர்நெட்தான் வாசல்.

இதில் நமக்கு லாபமும் உண்டு. 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை குண்டடம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் என்றால் ஈரோட்டுக்கு பஸ் ஏற வேண்டும். இன்று பதிவு செய்வது, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பது எல்லாம் ஆன்லைனில். சென்னைப் பையனுக்குத் திறக்கிற அதே பக்கம்தான் குண்டடம் பொண்ணுக்கும் திறக்கும்.

கூட்டம்தான் ஜாஸ்தி! 2022 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301. வந்த விண்ணப்பங்களோ 22 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு 300 பேர். தேர்வில் மார்க் குறைந்து வாய்ப்பு போனால் அடுத்த முறை இன்னும் நல்லா படிக்கலாம். ஃபார்மிலேயே போனால்..?

மெசேஜ் யார் போனுக்கு வருது?

அவசரத்தில் சென்டர்காரரே தன் மெயில் ஐ.டி-யைப் போட்டு விடுவார். சில இடங்களில் போன் நம்பரும் அவருடையதே. ஹால் டிக்கெட்டை டவுன்லோடு செய்தாச்சு, தேர்வும் எழுதியாச்சு. ஆறு மாசம் கழித்து 'சான்றிதழ்களைப் பதிவேற்றவும்' என்று மெசேஜ் வரும்... அவருக்கு! ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் பார்க்கிறவர் உங்களைத் தேடி வீட்டுக்கு வருவாரா என்ன?

சென்டருக்குப் போவது தப்பே இல்லை. ஸ்கேனர் எல்லார் வீட்டிலும் இருக்காது. அவர் டைப் அடிக்கட்டும், நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள். உங்கள் பெயரில் ஒரு டீசன்ட்டான மெயில் ஐ.டி. ('க்யூட் பையன்', 'ஏஞ்சல்' எல்லாம் வேணாமே!), அடிக்கடி மாற்றாத ஒரு போன் நம்பர், உங்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டு - இந்த மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். சப்மிட் கொடுக்கும் முன் முழுசாகப் படியுங்கள். பி.டி.எஃப். காப்பியை உங்கள் மெயிலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்திருங்கள்.

இன்னொரு குழப்பம்... டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு. 150 ரூபாய் கட்டினால் ஐந்து வருஷம் செல்லும். 'அதான் பதிவு பண்ணியாச்சே' என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்தப் பதிவு வெறும் கேட் பாஸ் மாதிரி. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாக விண்ணப்பித்தே ஆகணும், பாஸ்.

போட்டோவும் இனிஷியலும்

2019-ல் ரயில்வே லெவல்-1 வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இடங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், விண்ணப்பங்கள் ஒரு கோடிக்கும் மேல். அதில் போட்டோ அல்லது கையெழுத்து சரியில்லை என்று தள்ளப்பட்டவை மட்டும் சுமார் 4.85 லட்சம்! ஏகப்பட்ட முறையீடுகளுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் அவர்கள் மறுபடி அப்லோடு செய்ய ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். எல்லா முறையும் இப்படி கதவைத் திரும்பத் திறக்க மாட்டார்கள்.

ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுக்கு போட்டோ 20 முதல் 50 கே.பி-க்குள் இருக்க வேண்டும். கையெழுத்தை கேபிடல் எழுத்துகளில் போட்டால் செல்லாது. உறுதிமொழியை உங்கள் கைப்படவே எழுத வேண்டும். 'தங்கச்சி எழுத்து அழகா இருக்கும்' என்று அவரிடம் நீட்டாதீர்கள்.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ்.கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எஸ், பேங்க் பாஸ்புக்கில் கார்த்திக் சுப்பிரமணியம். கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர்! பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிறபடியே ஆதாரைத் திருத்தி வையுங்கள். காலேஜில் இருக்கும்போதே செய்துவிட்டால், கடைசி நாள் ராத்திரி சர்வரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

செக்கிங் போனதைச் சொல்லுங்க!

தனியார் வேலைக்கு 1997-ல் வந்த நௌக்ரி டாட் காம் முதல் ஏகப்பட்ட தளங்கள் உண்டு. 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்பு சேவைத் தளமும், 2020-ல் வந்த தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையமும் வேலை தேடுபவர்களுக்கு இலவசம்.

ஆனால், ஒரே ரெஸ்யூமை நூறு கம்பெனிக்குத் தட்டிவிட்டால் நூறு பேரும் தூக்கித்தான் போடுவார்கள். லீவில் பனியன் கம்பெனிக்கு செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ போயிருப்பீர்கள். அதைக் கௌரவக் குறைச்சல் என்று மறைக்கிறீர்களே, ஏனுங்க? துணி ஜி.எஸ்.எம்., நூல் கவுன்ட், அளவு ஷீட் பற்றித் தெரிந்த ஆளுக்கு மெர்ச்சண்டைசிங்கில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. எந்தப் பிரிவு, எத்தனை மாசம், என்ன செய்தீர்கள்... இரண்டே வரியில் எழுதுங்கள்.

காசு கேட்டா... கட்!

தேர்வுக் கட்டணம் வேறு. 'வேலை ரெடி, டெபாசிட் கட்டுங்க, ட்ரெயினிங் பீஸ் அனுப்புங்க' என்பது வேறு. இரண்டாவது ரகம் என்றால் போனை வையுங்கள். கூகுளில் முதலில் வருகிற லிங்க்கை நம்பாமல், அறிவிக்கையில் அச்சாகியிருக்கும் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். ஓ.டி.பி-யை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

வெளிநாடு என்றால் டபுள் உஷார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரங்களை நம்பிப் போன இளைஞர்கள் மியான்மருக்குக் கடத்தப்பட்டு, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி மிரட்டப்பட்டார்கள். மீட்கப்பட்ட தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். ஏற்கெனவே ஆன்லைனில் பணம் போயிருந்தால் அழுதுகொண்டு இருக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு.

இன்று ராத்திரியே ஒரு நோட்டை எடுங்கள். எதற்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள், பதிவு எண் என்ன, எந்த மெயில், எந்த நம்பர் என்று எழுதிப் பாருங்கள். ஏதாவது ஒரு வரிக்கு 'அது சென்டர் அண்ணனுக்குத்தான் தெரியும்' என்று பதில் வந்தால், நாளைக் காலை முதல் வேலை அவரிடம் போய் அதைக் கேட்டு வாங்குவதுதான். ஆல் தி பெஸ்ட்!