உமிச்சாம்பலுக்கும் ஆலை வரலாம்... எந்த மண்ணில் என்பதுதான் கேள்வி!

பட்டுச்சேலைக்குப் பேர்போன ஆரணிக்கு, அரிசியிலும் அதே அளவு பேர் உண்டு. தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டினால் அரிசி ஆலைகள். ஆலைகளுக்குப் பின்னால் கறுப்பும் சாம்பலுமாகக் குவியல்கள். ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். காற்றடித்தால் பக்கத்து வயலிலும், தெருவில் நீட்டிய பாவிலும் படிகிற தொல்லையாகத்தான் பலரும் அதைப் பார்க்கிறார்கள்.

அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவிகிதம் வரை சிலிக்கா இருக்கிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. உருக்காலைகளில், கொதிக்கும் எஃகுக் குழம்பின் சூடு தணியாமல் இருக்க, இதைத்தான் போர்வைபோல மேலே தூவுகிறார்கள். உலைகளுக்கான வெப்பத்தடுப்புச் செங்கலும் இதிலிருந்து செய்யலாம். கடையில் கிடைக்கும் கண்ணாடிக் கம்பளி, பாறைக் கம்பளி போன்றவற்றுக்குக் கண்ணாடியையும் கல்லையும் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். சாம்பலுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால், மிக அதிகச் சூட்டில் எரிந்த சாம்பலின் சிலிக்கா படிகமாக மாறிவிடும். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். தூசைக் கட்டுப்படுத்தாத ஆலை எந்த ஊருக்கும் லாபமில்லை.

சரி, இப்படியொரு ஆலை வந்தால் எங்கே வைப்பது?

விளைநிலத்தைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை இதே திருவண்ணாமலை மாவட்டம் பார்த்துவிட்டது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் நிலம் கேட்கப்பட, 2023-ல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கடும் எதிர்ப்புக்குப் பிறகே அரசு பின்வாங்கியது. ‘மூடிக்கிடக்கும் பழைய ஆலை இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள், நெல் விளையும் மண்ணை விடுங்கள்’ என்று விவசாயிகள் சொன்னால் அது முழுக்க நியாயமான கோரிக்கைதான்.

ஆனால், பழைய ஆலை இடம் என்பது வெறும் காலி மனை அல்ல. ஆற்காட்டைத் தாண்டி ராணிப்பேட்டைக்குப் போனால் புரியும். தோல் பதனிடும் தொழிலுக்கு குரோமிய ரசாயனம் தயாரித்த ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ்’ ஆலை 1995-ல் மூடப்பட்டது. போகும்போது குரோமியக் கழிவை ஒன்றரை லட்சம் டன் அளவுக்கு அங்கேயே விட்டுவிட்டுப் போனது. மழை பெய்தால் அந்த மண்ணிலிருந்து மஞ்சள் தண்ணீர் கசிகிறது. குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம்தான் இந்தியத் தர அளவு. ஆறு இணைதிற குரோமியம் அதைத் தாண்டினால் புற்றுநோய் அபாயம்.

தோல் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்ட வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவரே விலை கொடுக்க வேண்டும்’ என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒன்பதாயிரம் சொச்சம்! ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூடப் போதாது.

எனவே பழைய இடத்தில் புது ஆலை என்று பேச்சு எழுந்தால், முதல் கேள்வி மண்ணைப் பற்றித்தான். அங்கே முன்பு என்ன தயாரித்தார்கள், கழிவு எங்கே போனது, மண்ணை எத்தனை அடி ஆழம்வரை சோதித்தார்கள், சுத்தப்படுத்தும் செலவு யாருடையது? அஸ்திவாரம் தோண்டும்போது பழைய நஞ்சு கிளறிவிடப்படலாம். இன்னொன்று, ஏற்கெனவே சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்கு, 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி தனியாகக் கருத்துக்கேட்புக் கூட்டம் தேவையில்லை. அதனால் ‘கூட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்’ என்று காத்திருக்கக் கூடாது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணையின் நகலை, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

கிணற்றுத் தண்ணீரை ஆலை வருவதற்கு முன்பே சோதித்து வைப்பது நல்லது. உப்பையும் கார அமில நிலையையும் மட்டும் பார்க்கும் சாதாரணப் பரிசோதனையில் குரோமியம் தெரியாது. கன உலோகங்களையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுத்து, தேதியுடன் கூடிய அறிக்கையைக் கிராம சபைத் தீர்மானத்தோடு சேர்த்துப் பதிவு செய்துவிட்டால், பின்னால் தண்ணீர் நிறம் மாறும்போது ‘முன்பே இப்படித்தான் இருந்தது’ என்று யாரும் கைகழுவ முடியாது.