காதுக்குள் துடிக்கும் நாடி

மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் ஈசிஜி பதிவுசெய்வது 10 விநாடிகளை. ஒரு நாளில் அத்தகைய பத்து விநாடித் துண்டுகள் 8,640 இருக்கின்றன. பதிவான அந்த ஒன்றில் இதயம் ஒழுங்காகத் துடித்து, மற்ற 8,639-இல் எதிலாவது தாளம் தப்பினால், தாளில் அதன் சுவடே விழாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் தாளக் கோளாறு பலருக்கு இப்படித்தான் வருவதும் மறைவதுமாக இருக்கிறது. இதை மேலறை நடுக்கம் என்று வைத்துக்கொள்வோம். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்குவதை விட்டு, நிமிடத்துக்கு 350 முறைக்கும் மேலாக நடுங்குகின்றன. அத்தனை தூண்டல்களும் கீழறைகளுக்குப் போனால் ஆபத்து. நல்ல வேளையாக, இடையில் ஒரு சிறு திசுமுடிச்சு காவல் நின்று சிலவற்றை மட்டுமே அனுப்புகிறது. எதை அனுப்பும், எதை நிறுத்தும் என்பதில் ஒழுங்கு கிடையாது. அதனால் நாடி, தகரக் கூரையில் விழும் முதல் மழைத்துளிகளைப் போல, அடுத்தது எப்போது என்று கணிக்க முடியாதபடி துடிக்கிறது. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம். இந்தக் கோளாறு பக்கவாத அபாயத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்குகிறது. அப்படியிருந்தும் பலர் எதையும் உணர்வதே இல்லை.

ஆகவே நாள் முழுக்க இதயத்தைக் கவனிக்க ஒரு கருவி வேண்டும். 1940-களின் இறுதியில் அமெரிக்கரான நார்மன் ஹோல்டர் அப்படி ஒன்றைச் செய்தார். முதுகில் சுமக்க வேண்டிய அந்தக் கருவியின் எடை 38 கிலோ. இன்று ஆய்வாளர்கள் அந்த வேலையை ஐந்தாறு கிராம் எடையுள்ள இயர்பட்டிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள்.

ஏன் காது? கழுத்துத் தமனியின் கிளைகள் அதற்கு நேராக ரத்தம் கொண்டுவருகின்றன. குளிரில் விரல்களின் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கும். காதில் அந்தச் சுருக்கம் குறைவு. கை ஓயாமல் ஆடும். பார்வை கலங்காதிருக்கத் தலையையோ உடலே நிலையாகப் பிடித்து வைக்கிறது. காதுத் துளைக்குள் வெளி வெளிச்சமும் அவ்வளவாக நுழையாது. அதிலேயே ஒரு சிறு விளக்கை எரியவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பெருகும்போது கூடுதல் ஒளி உறிஞ்சப்படும்; திரும்பிவரும் ஒளி சற்றே மங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வரைவதுதான் ஒளிநாடிப் பதிவு, அதாவது ஒளியால் நாடி பார்ப்பது.

இதற்குக் காதிலேயே ஒரு முன்கதை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி, ரத்தத்தில் செலுத்திய சாயம் எப்படிக் கரைகிறது என்பதைக் காதில் ஒளி பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித் துடிப்பு குறுக்கிட்டு வரைகோட்டைக் கெடுத்தது. அதை நீக்க வழி தேடியபோதுதான், துடிக்கும் பகுதி தமனி ரத்தத்தை மட்டுமே காட்டுகிறது என்பது அவருக்குப் பிடிபட்டது. கோவிட் காலத்தில் வீடுதோறும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த ஆக்சிமீட்டர் அங்கிருந்து பிறந்தது.

காதில் இதுபோல் பயனாக மாறும் தொந்தரவுகள் இன்னும் உண்டு. துளையை இறுக அடைத்தால், உடலுக்குள்ளிருந்து வரும் தாழ்ந்த ஒலிகள் வெளியேற வழியின்றிப் பெருகிக் கேட்கும். காதுக்கருவி அணிபவர்கள் தங்கள் குரலே முழங்குவதாகக் குறைப்படுவது இதனால்தான். இதயத் துடிப்பும் அப்படியே பெருகுகிறது. வெளி இரைச்சலை அடக்கும் இயர்பட்டுகளில் உள்நோக்கிய மைக் ஏற்கெனவே இருக்கிறது; அது இந்தத் துடிப்பைப் பிடித்துவிடும். கூகுள் ஆய்வாளர்கள் 2023-இல் இன்னும் ஒரு படி போனார்கள். ஒலிபெருக்கி வழியே நமக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, ரத்தம் பாயும்போது செவிக்குழாயின் சுவர் நுண்ணளவில் அசைவதை அதன் எதிரொலியில் படித்தார்கள். புதிய சென்சார் எதையும் சேர்க்கவில்லை!

இதயம் ரத்தத்தை மேலே தள்ளும் ஒவ்வொரு முறையும் தலை கண்ணுக்குத் தெரியாமல் அசைகிறது. அதையும் இயர்பட்டில் உள்ள அசைவுமானி அறிய முடியும்.

இவற்றைவிட, ஈசிஜி பதிவுசெய்யும் இதய மின்சாரத்தைக் காதில் பிடிப்பது கடினம். மார்பில் இதயத்தின் மின் அலை ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட். காதுக்கு வரும்போது அதில் மிகச் சிறு பங்கே மிஞ்சும். மூளையின் அலைகளும் தாடைத் தசையின் அலைகளும் அதோடு கலந்துவிடும். ஒரு வாய் முறுக்கைக் கடித்தாலே போதும், தசையின் இரைச்சலில் இதயம் மூழ்கிப்போகும். இருந்தும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டானிலோ மாண்டிக் குழுவினர் காதுக்குள் வைத்த மின்முனைகளால் ஈசிஜி எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஈசிஜியின் முன்னோடியான ஐந்தோவன் இதே அலையைப் பிடிக்க நோயாளியின் கைகளையும் காலையும் உப்புநீர் வாளிகளில் வைக்கச் சொன்னார் என்பதை நினைத்தால் சிலிர்க்கிறது.

துடிப்பு கிடைத்தபின் கணக்கு. சீரான இதயத்தில் இடைவெளிகள் 800, 815, 790 மில்லிவிநாடி என்று அருகருகே நிற்கும். மேலறை நடுக்கத்தில் 610, 940, 520, 880 என்று சிதறும். ஆனால் மூச்சை இழுக்கும்போது ஆரோக்கியமான இதயமும் சற்று விரையும்; எப்போதாவது ஒரு துடிப்பு முந்திக்கொள்ளும். இவற்றை நோய் என்று கூவாமல் இருப்பதில்தான் மென்பொருளின் திறமை. இன்னொரு சிக்கலும் உண்டு. மிக முந்திவரும் துடிப்பில் கீழறை நிரம்பியிருக்காது. அதன் நாடி அலை காதுக்கு வந்து சேராமலே போகலாம். ஒளிக்கு அந்தத் துடிப்பு தெரியாது, மின்சாரத்துக்குத் தெரியும். ஒளி தருவது எச்சரிக்கை மட்டுமே. நோயை உறுதிசெய்ய ஈசிஜி வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது சரியே. அந்த எச்சரிக்கைக்கு மதிப்பில்லாமல் இல்லை: 4,19,297 பேர் கலந்துகொண்ட ஆப்பிள் கைக்கடிகார ஆய்வில், அதே நேரத்தில் ஈசிஜி பட்டையும் அணிந்திருந்தவர்களுக்கு வந்த எச்சரிக்கைகளில் 84 விழுக்காடு மேலறை நடுக்கமாகவே இருந்தன.

காதுக்கும் இதயத்துக்கும் நரம்பு வழியாகவும் உறவு உண்டு. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்கு வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், காதுத் துளையின் முன்னுள்ள சிறு மேட்டில் தினமும் ஒரு மணி நேரம் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில், பெயரளவுக்கு மட்டும் தூண்டல் பெற்றவர்களைவிட அவர்களுக்கு மேலறை நடுக்கத்தின் சுமை 85 விழுக்காடு குறைவாக இருந்தது. கலந்துகொண்டவர்கள் 53 பேர்தான் என்பதால், பெரிய ஆய்வுகளில் இது மீண்டும் நிரூபிக்கப்பட வேண்டும்.