வெறுங்கால் பாய்ஸ்!

ஞாயித்துக்கிழமை காலையில காசிமேடு பக்கம் போனா, மீன் வாசனையோட சேர்த்து ஒரு ஃபுட்பால் மேட்ச்சும் இலவசம். அன்னிக்குப் பார்த்த மேட்ச்சில் ஒரு பையன் வலது காலில் மட்டும் பூட்ஸ் போட்டிருந்தான்.

"இன்னொன்னு எங்கடா?"

"அவன்கிட்ட இருக்குண்ணா. அவன் லெஃப்ட் ஃபுட்டு!"

ஒரு ஜோடி பூட்ஸ், ரெண்டு பிளேயர்ஸ். மிச்சப் பேர் எல்லாம் வெறுங்கால். சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாலும், இந்தியா ஃபுட்பால் டீமோட ஆரம்ப காலக் கதைதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தது.

1948, ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக். இல்ஃபோர்டு என்ற இடத்தில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா இறங்குகிறது. சுதந்திரம் வாங்கி முதல் பிறந்தநாள் வரவே இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அந்தக் குட்டிப் பாப்பா நாட்டோட டீமில் பெரும்பாலானவர்கள் காலில் பூட்ஸ் இல்லை. சிலர் பாதத்தில் பேண்டேஜ் மட்டும் சுற்றியிருந்தார்கள். டீம் லிஸ்ட்டில் வரதராஜ், வஜ்ரவேலு, தன்ராஜ், ராமன்னு பேர்கள். ராயபுரத்துல ஏதோ ஒரு ஸ்கூல் அட்டென்டன்ஸ் எடுக்கிற மாதிரி இல்ல?

முதல் கோல் பிரான்ஸுக்கு. 70-வது நிமிஷம், சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டு 1-1 ஆக்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் கோல் அது. ராமன் அப்போதைய மைசூர் மாநிலத்துக்கு ஆடியவர், அதனால் 'நம்ம ஊரு'ன்னு முழுசா சொந்தம் கொண்டாட முடியாது. பாதி கொண்டாடிக்கலாம்! ரெண்டு பெனால்டி கிடைச்சும் ரெண்டையும் கோட்டை விட்டோம். கடைசி நேரத்தில் பிரான்ஸ் இன்னொன்னு அடிச்சு 2-1ன்னு ஜெயிச்சிட்டாங்க.

'ஏன் பூட்ஸ் போடலை?'ன்னு பத்திரிகைக்காரங்க கேட்டதுக்கு, 'நாங்க ஆடுறது ஃபுட்பால், நீங்க ஆடுறது பூட்பால்' என்று கேப்டன் தாலிமெரென் ஆவ் அடிச்ச பஞ்ச் இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கு. மனுஷன் நாகாலாந்துக்காரர். மெடிக்கல் படிச்சவர் வேற!

அடுத்து வர்றதுதான் வயித்தெரிச்சல். 1950, பிரேசில் உலகக் கோப்பை. ஆசியப் பிரிவில் மற்ற நாடுகள் விலகியதால் நமக்கு நேரா டிக்கெட். இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த குரூப்பில் இந்தியா பேரும் இருந்தது. ஆனா போகலை. 'வெறுங்காலோட ஆடக் கூடாதுன்னு ஃபிஃபா சொல்லிட்டாங்க, அதான்' என்று காலம் காலமா ஒரு கதை விடுறாங்க. பயிற்சிக்கு நேரம் போதலை, டீம் செலக்‌ஷனில் தகராறு என்பதுதான் அப்போது ஃபுட்பால் சம்மேளனம் சொன்ன காரணம். அந்தக் காலத்துல எங்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாமே, உலகக் கோப்பையோட மதிப்பு அதிகாரிகளுக்குத் தெரியலைன்னு பின்னாளில் சைலேன் மன்னாவே சொல்லியிருக்கார். தப்பு பண்ணினது ஆபீஸ் ரூம். பழி மட்டும் பாவம், பிளேயரோட பாதத்துக்கு!

அதுக்காக வெறுங்காலை ஒரேயடியா ஹீரோவாக்கவும் முடியாது பாஸ். 1952, ஹெல்சின்கி. குளிர், ஈரத்தரை, எதிரில் யூகோஸ்லாவியா. வழுக்கி வழுக்கி விழுந்ததில் ஸ்கோர் 10-1. நம்ம ஒரே கோல் அகமது கான் போட்டது. அந்த அடிக்கு அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம்னு சம்மேளனம் முடிவெடுத்தது.

நாலே வருஷம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4-2ன்னு சாய்ச்சோம். நெவில் டிசோசா ஹாட்ரிக்! அந்தத் தடவை நாலாவது இடம். கோச் சையது அப்துல் ரஹீம். 2024-ல் அஜய் தேவ்கன் 'மைதான்' படத்தில் நடிச்சாரே, அவர் கதைதான். அந்த மெல்போர்ன் டீமில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத். ஆனா ஃபுட்பாலில் பேர் எடுத்தது நம்ம நீலகிரி வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடி. 1955-ல் அந்த டீம் டூரண்ட் கோப்பையையே தூக்கியது. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டி ஃபைனலில், மொத்த ஸ்டேடியமும் இந்தியாவுக்கு எதிரா கத்திக்கிட்டிருக்க, தென்கொரியாவை 2-1ன்னு ஜெயிச்சு தங்கம் வாங்கினப்போ கோல் போஸ்ட்டில் நின்றது இதே தங்கராஜ்தான்.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். ராயபுரத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வியாசர்பாடி. ஃபுட்பால் பைத்தியத்தால் 'குட்டி பிரேசில்'னு பேர் வாங்கின ஏரியா. அங்கே ஆடி வளர்ந்த நந்தகுமார் சேகர் 2023-ல் இந்தியா ஜெர்ஸி போட்டார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் டூரண்ட் கோப்பை டெர்பியில் மோகன் பகானுக்கு எதிரா அவர் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயிக்க, வரிசையா டெர்பி தோத்து நொந்து போயிருந்த ரசிகர்கள் கொல்கத்தாவையே அதிர வெச்சாங்க. வருஷக்கணக்கா அவங்க காத்திருந்த கோலை அடிச்சது ஒரு வடசென்னைக் கால்.

காசிமேட்டுப் பசங்ககிட்ட இதைச் சொன்னேன். ராமன் யாருன்னு தெரியலை. நந்தா பேரைச் சொன்னதும் மூஞ்சியில பல்பு எரிஞ்சது. "அவருக்கு ரெண்டு காலுக்கும் பூட்ஸ் இருக்கும்லண்ணா?"ன்னு கேட்டான் லெஃப்ட் ஃபுட்டு. பதில் சொல்றதுக்குள்ள விசில் ஊதிட்டாங்க. செகண்ட் ஹாஃப்ல அவன் கோல் கீப்பராம். கழட்டின பூட்ஸை ரைட் ஃபுட்டு பக்கம் வீசிட்டு போஸ்ட்டைப் பார்த்து ஓடினான்.